சுறா விரட்டும் கருவியும் கடல் பாதுகாப்பும்: பினாங்கில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

பத்து ஃபெரிங்கியில் குடும்பத்தோடு குளிப்பவர்கள், புலாவ் பாயாருக்கு ஸ்நோர்க்கலிங் போகிறவர்கள், பிள்ளைகளைப் பெர்த்துக்கும் சிட்னிக்கும் படிக்க அனுப்பிவிட்டுத் தூக்கம் வராமல் இருப்பவர்கள், சனி ஞாயிறு தூண்டிலோடு படகேறுகிறவர்கள் என எல்லாரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

பத்து ஃபெரிங்கியில குளிச்சா சுறா கடிக்குமா?

அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். நம் கடலில் சுறா உண்டு. சந்தையில் 'இக்கான் யூ' என்று தட்டில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், வீட்டில் சுறாப்புட்டும் செய்திருப்பீர்கள். ஆனால் கரையோரத்தில் பிடிபடுபவை பெரும்பாலும் மூங்கில் சுறா போன்ற சிறிய இனங்கள். அடிமண்ணில் நண்டும் இறாலும் தேடித் தின்பவை. மனிதர்களுக்கு உயிராபத்தான கடிகளில் பெரும்பகுதி மூன்றே இனங்களின் கணக்கில் வருகிறது: வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. ஃபெரிங்கியின் கரை இந்தப் பெரிய சுறாக்கள் வழக்கமாக வேட்டையாடும் இடமல்ல.

உலகக் கணக்கையும் பாருங்கள். ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் பதிவேட்டின்படி, மனிதர் சீண்டாமல் சுறா தானாகக் கடித்த சம்பவங்கள் 2023இல் 69, அதில் இறந்தவர்கள் 10 பேர். 2024இல் 47 சம்பவங்கள், 4 இறப்புகள். இது உலகம் முழுவதற்கும் சேர்த்து. நீரில் மூழ்கி இறந்தவர்களோ 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபெரிங்கியில் நீங்கள் கவனிக்க வேண்டியவை நீரோட்டம், ஜெட்-ஸ்கி, ஜெல்லி மீன், திருக்கை. சுறா இந்த வரிசையிலேயே இல்லை.

அப்படின்னா இந்த சுறா விரட்டும் கருவி எல்லாம் யாருக்கு?

ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, ரீயூனியன் தீவு போன்ற இடங்களில் அலைச்சறுக்கு செய்பவர்கள், ஈட்டியால் மீன் பிடிப்பவர்கள், ஆழத்தில் முக்குளிப்பவர்கள் ஆகியோருக்கு. கரையிலிருந்து தள்ளி, ஆழமான நீரில், மணிக்கணக்கில், பெரிய சுறா நடமாடும் பகுதியில் இருப்பவர்கள் இவர்கள்.

பினாங்கிலோ லங்காவியிலோ குளிக்க இதை வாங்குவது வீண் செலவு. கருவி வாங்கித் தரவா என்று கேட்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "எந்தக் கடலுக்குப் போகிறீர்கள்?"

அது எப்படி வேலை செய்யுது? சத்தம் போடுமா?

சத்தம் இல்லை. சுறாவின் மூக்குப் பகுதியை அருகில் பார்த்தால் மிளகைத் தூவியதுபோல் சிறு துளைகள் தெரியும். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் கூழ் நிரம்பிய ஒரு குழாய், அதன் அடியில் மின்னுணர் செல்கள். இவற்றை 1678இல் விவரித்த இத்தாலியரின் பெயரால் லோரென்சினி உறுப்புகள் என்கிறார்கள். மணலுக்குள் புதைந்திருக்கும் மீனின் இதயத்துடிப்பும் தசையசைவும் எழுப்பும் மிக மெல்லிய மின்சாரத்தைக்கூட இவை உணர்ந்துவிடும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட்டில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாடே போதும்.

விரட்டும் கருவி இந்த நுண்ணுணர்வையே சுறாவுக்கு எதிராகத் திருப்புகிறது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே நீரில் விட்டுவிட்டு மின்துடிப்பு பாய்கிறது. இருட்டறையில் இருப்பவர் கண்ணில் திடீரென டார்ச் அடித்தால் எப்படியோ அப்படி, நெருங்கும் சுறா மூக்கைத் திருப்பிக்கொண்டு விலகும். இந்த முறையை 1990களில் முதலில் உருவாக்கியது தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் சுறா வாரியம். அதன் வழித்தோன்றல்தான் இன்று ஷார்க் ஷீல்ட் என்ற பெயரில் விற்கப்படும் தொழில்நுட்பம்.

ஷாப்பியில மலிவா காந்த வளையல் இருக்கே, அது போதாதா?

போதாது. சுறா காந்தத்தை உணரும் என்பது உண்மைதான். சிக்கல் தூரத்தில் இருக்கிறது. சிறு காந்தத்தின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வலிமை எட்டில் ஒன்று. வளையலிலிருந்து 10 செ.மீ.யில் இருக்கும் வலிமை ஒரு மீட்டர் தள்ளி ஆயிரத்தில் ஒரு பங்குதான். சுறா அதை உணரும் நேரத்தில் அதன் வாய் உங்கள் மணிக்கட்டின் பக்கத்தில் இருக்கும். அதோடு, வளையல் கையில். பலகைமேல் இருப்பவரைச் சுறா பெரும்பாலும் கீழிருந்து காலை நோக்கித்தான் வருகிறது.

2018இல் வெளியான ஆய்வொன்றில் ஃபிளின்டர்ஸ் பல்கலைக்கழகக் குழு தெற்கு ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில் ஐந்து பொருட்களை வெள்ளைச் சுறாக்கள் முன் வைத்துச் சோதித்தது: இரண்டு மின்கருவிகள், ஒரு காந்த வளையல், பலகையைக் காலோடு கட்டும் ஒரு காந்தக் கயிறு, பலகையில் பூசும் மணம் கலந்த ஒரு மெழுகு. தெளிவான பலன் தந்தது ஒன்றே ஒன்று, ஃப்ரீடம் பிளஸ் சர்ஃப் என்ற மின்கருவி. மற்ற நான்கும் சொல்லும்படி எதுவும் செய்யவில்லை. அந்தப் பட்டியலில் இன்னொரு மின்கருவியும் இருந்ததைக் கவனியுங்கள். மின்சாரம் என்று எழுதியிருந்தாலே நம்பிவிடக் கூடாது. மின்முனைகளின் இடைவெளியும் துடிப்பின் வலுவும்தான் கணக்கு.

தண்ணியில கலக்குற மருந்து, ஸ்பிரே ஏதாவது?

பழைய ஆசை இது. இரண்டாம் உலகப் போரில் கடலில் விழும் விமானிகளுக்காக அமெரிக்கர்கள் காப்பர் அசிடேட்டையும் கறுப்புச் சாயத்தையும் கலந்து ஒரு கட்டி செய்தார்கள். மிதப்பவரின் மனதுக்குத் தெம்பு தந்தது, சுறாவைத் தடுத்ததாக நிரூபணமாகவில்லை. திறந்த கடலில் எந்த மருந்தும் சில நிமிடங்களில் கரைந்து போய்விடும்.

சரி, அந்த நல்ல மின்கருவி இருந்தா நூற்றுக்கு நூறு பாதுகாப்புதானே?

இல்லை. மேலே சொன்ன சோதனையில் கருவி இல்லாதபோது 96 சதவீத முயற்சிகளில் சுறா இரையை எடுத்தது. ஃப்ரீடம் பிளஸ் சர்ஃப் ஓடும்போது 40 சதவீதம். பாதிக்கும் மேல் குறைவு, பெரிய விஷயம்தான். ஆனாலும் பத்தில் நான்கு முறை சுறா எடுத்துவிட்டது. சராசரியாக அது நின்ற தூரம் 1.6 மீட்டரிலிருந்து 2.6 மீட்டருக்குப் போனது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி.

இன்னொன்று, சுறா பழகிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் மொசெல் பேயில் ஃப்ரீடம்7 என்ற மாதிரியை வைத்துச் செய்த ஆய்வில், முதல் வரவில் வெள்ளைச் சுறாக்கள் சராசரியாக 131 செ.மீ. தூரத்தில் நின்றன. அடுத்தடுத்த வரவுகளில் ஒவ்வொரு முறையும் சுமார் 12 செ.மீ. நெருங்கின. ஆகவே சுறாவைக் கண்ட பிறகும் "கருவி இருக்கிறதே" என்று நீரிலேயே நிற்பது தவறு. கருவி தரும் அவகாசத்தில் வெளியே வர வேண்டும்.

வாங்கியாச்சு. எப்படிப் போடணும்? எங்கே தப்பு நடக்குது?

காலில் கட்டும் மாதிரியில் ஒரு பெட்டியும் அதிலிருந்து வால்போல் நீளும் ஆன்டெனாவும் இருக்கும். நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அதிகம் நடக்கும் தவறு இந்த வாலில்தான். இடைஞ்சலாக இருக்கிறதென்று சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுகிறார்கள், அல்லது முதுகிலிருக்கும் காற்று உருளையில் சுற்றிக்கொள்கிறது. இரண்டு மின்முனைகளுக்கும் இடையே உள்ள தூரமே பாதுகாப்பு வளையத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. வால் சுருண்டால் வளையமும் சுருங்கிவிடும். பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், நீங்கள் ஏமாந்திருப்பீர்கள். நீரில் இறங்கியதும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, வால் நேராக மிதக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஜோடியாகப் போனால் ஒருவர் மற்றவருடையதைப் பாருங்கள்.

பலகையில் பொருத்தும் மாதிரியில் மின்முனைகள் பலகையின் அடியில் ஒட்டப்படும். ஒட்டும் முன் அந்த இடத்தில் மெழுகு, எண்ணெய், மணல் எதுவும் இருக்கக் கூடாது. ஓரம் பிரிந்து நீர் புகுந்தால் இணைப்பு கெடும். மின்முனைகள் நீருக்குள் இருந்தால்தான் வேலை. பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பாதுகாப்பு இல்லை. உப்பு குறைந்த ஆற்று முகத்துவாரத்தில் நீர் மின்சாரத்தைக் கடத்துவது குறைவு, அங்கே முழுப் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் ஏற்றினால் தொடுமுனை பச்சையாகப் பூத்து அரித்துவிடும். முந்தின இரவே முழு சார்ஜ் ஏற்றுங்கள், பாதியில் ஓய்ந்த கருவி வெறும் சுமை. விமானத்தில் போகும்போது தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

நமக்கே ஷாக் அடிக்குமா? அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கு.

ஓடும்போது மின்முனையைத் தொட்டாலோ இரண்டுக்கும் நடுவே கை கால் போனாலோ சுருக்கென்று இழுக்கும், தசை துள்ளும். ஆரோக்கியமானவருக்கு ஆபத்தில்லை. இதய பேஸ்மேக்கர் உள்ளவர் இதை அணியவே கூடாது. இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். உங்கள் அப்பா அணியாவிட்டாலும், அணிந்த இன்னொருவரோடு ஒட்டி நீந்துவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

கருவி ஓடுறதால தூரத்துல இருக்குற சுறாவும் "என்னடா அது"ன்னு வந்துடாதா?

நியாயமான சந்தேகம். மொசெல் பே ஆய்வு இதையும் பார்த்தது. கருவி தூரத்துச் சுறாவை இழுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காரணமும் புரிகிறது: நீரில் இந்தப் புலம் மிக வேகமாகத் தேய்ந்துவிடும், சில மீட்டருக்கு அப்பால் சுறாவுக்கு உணர்வதற்கே எதுவும் இல்லை. தூரத்திலிருந்து சுறாவை அழைப்பது மணமும் சத்தமும்தான். மீன் ரத்தம், அடிபட்ட மீனின் துடிப்பு, வீசிய மீன் குடல்.

மகள் பெர்த்துல படிக்கிறா. கடலுக்குப் போகாதேன்னு சொன்னா கேக்க மாட்டா. என்ன சொல்லி அனுப்பணும்?

போகாதே என்று சொல்ல வேண்டாம், எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள். கூகி, சொரென்டோ, காட்டஸ்லோ போன்ற கடற்கரைகளில் கடலின் ஒரு பகுதியை அடி முதல் மேல் வரை சுற்றி வளைத்த தடுப்பு அமைத்திருக்கிறார்கள். அதற்குள் நீந்தச் சொல்லுங்கள். சில இடங்களில் குளிர்காலத்தில் அதைக் கழற்றிவிடுவார்கள், போகும் முன் விசாரிக்க வேண்டும். சுறா நடமாட்டத்தைக் காட்டும் ஷார்க்ஸ்மார்ட் செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளட்டும். சிக்னல் அனுப்பும் குறி பொருத்திய சுறா கரைக்கு அருகே வந்தால் கடலடியில் உள்ள கருவிகள் உணர்ந்து அறிவிப்பு வரும். குறியிடாத சுறா அதில் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு என்றால் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. காளைச் சுறா நன்னீரிலும் ஏறும். பெர்த் நகருக்குள் ஓடும் சுவான் ஆற்றில் 2023 பிப்ரவரியில் ஒரு பள்ளி மாணவி சுறா கடித்து இறந்தாள். விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும், மழைக்குப் பிறகு கலங்கிய நீரிலும், முகத்துவாரத்திலும் இறங்க வேண்டாம். மீன் கூட்டத்தைப் பறவைகள் கொத்தும் இடம் பக்கமே போகக் கூடாது. அவள் அலைச்சறுக்கு கற்றுக்கொள்கிறாள் என்றால் கருவி வாங்குவதில் அர்த்தம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2017 முதல் அங்கே வசிப்பவர்களுக்கு அங்கீகரித்த கருவிகளுக்கு 200 டாலர் தள்ளுபடி தந்து வந்தது. இப்போதும் உண்டா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

சிட்னியில வலை போட்டிருக்காங்களே, அப்புறம் என்ன பயம்?

வலை என்றதும் வேலி என்று நினைக்கிறோம். பெர்த்தில் சொன்னது வேலி. ஹாங்காங் கடற்கரைகளிலும் 1990களின் மரணங்களுக்குப் பிறகு வேலியே போட்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் 1937 முதல் போட்டு வந்தவை வேறு: 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரமுள்ள செவுள் வலைகள், 10 முதல் 12 மீட்டர் ஆழத்தில். மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் திறந்த கடல். சுறா சுற்றிக்கொண்டு வரலாம், வலையின் கரைப்பக்கத்திலேயே சிக்கிய சுறாக்களும் உண்டு. வலையின் நோக்கம் தடுப்பதல்ல, பிடித்து எண்ணிக்கையைக் குறைப்பது. அதில் ஆமையும் டால்பினும் திருக்கையும் சேர்ந்து சாகின்றன.

எங்கள் கருத்தில் இன்று உருப்படியான வேலை செய்வது டிரோன். தெளிந்த நீரில் மேலிருந்து பார்த்து, சுறா தெரிந்தால் எல்லாரையும் கரையேற்றுகிறார்கள். யாரும் சாவதில்லை, சுறாவும் சாவதில்லை. தூண்டிலில் சுறா மாட்டியதும் செய்தி அனுப்பும் மிதவைகளும் உள்ளன. பணியாளர்கள் படகில் விரைந்து, குறியிட்டு, தள்ளிக் கொண்டுபோய் விடுகிறார்கள். நம் ஃபெரிங்கிக் கலங்கலில் டிரோன் பயன்படாது, அது வேறு கதை.

புலாவ் பாயார்ல குட்டிச் சுறா காலைச் சுத்தி வருதே, இறங்கலாமா?

இறங்கலாம். அவை கருமுனைச் சுறாக்கள், துடுப்பு நுனியில் மை தொட்டதுபோல் கறுப்பு. முழுதாக வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீட்டரைச் சுற்றித்தான் நிற்கும், மனிதரைக் கண்டு ஒதுங்கும் இனம். ஆனால் முழங்காலளவு நீரில் நடப்பவரின் காலை மீனென்று தவறாகக் கடித்ததுண்டு. கை கடிபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். ரொட்டித் துண்டையோ மீனையோ விரலில் பிடித்து நீட்டுகிறோம், சுறா வாசனையைக் கடிக்கிறது, விரல் நடுவில் இருக்கிறது. உணவு போடாதீர்கள், துரத்திப் படம் எடுக்காதீர்கள், பாறையிடுக்கில் கை விடாதீர்கள். மின்கருவியை அங்கே கொண்டுபோகாதீர்கள். தன் வீட்டில் இருக்கும் சாதுவான குட்டியை எதற்கு வதைக்க வேண்டும்?

மாதவிடாய் நாள்ல கடலுக்குப் போனா சுறா வருமா?

அப்படி ஒரு தொடர்பு எந்தப் பதிவிலும் நிறுவப்படவில்லை. கலக்கும் அளவு மிகச் சிறியது. பெண்களை வீட்டில் உட்கார வைக்க இது காரணமாகாது.

மஞ்சள் சட்டை போடக் கூடாதாமே? கோடு போட்ட உடைன்னும் சொல்றாங்க.

பல சுறா இனங்களின் கண்ணில் நிறம் பிரிக்கும் செல் ஒரே வகைதான், ஆகவே அவற்றுக்கு நிறத்தைவிட வெளிச்ச வேறுபாடுதான் பெரிது. பளிச்சென்ற மஞ்சள் கலங்கல் நீரில் எடுப்பாகத் தெரிவதால் பழி சுமக்கிறது. மின்னும் நகையும் அப்படியே, மீன் செதிலைப் போல் பளபளக்கும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், தொலையாமலும் இருக்கும். குழந்தைகளுக்கு மட்டும் பளிச் நிறமே போடுங்கள். நம் கடற்கரையில் பிள்ளையைக் கண்ணில் வைத்திருப்பதுதான் முக்கியம்.

வெளிச்சத்தை வைத்தே ஒரு நல்ல முயற்சி நடக்கிறது. மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மொசெல் பேயில் கடல்நாய் வடிவப் பொம்மையின் அடிப்பாகத்தில் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தி இழுத்தார்கள். கீழிருந்து பார்க்கும் வெள்ளைச் சுறாவுக்கு வானத்தின் முன்னே தெரியும் கருநிழல் உடைந்துபோகிறது, தாக்குதல் குறைந்தது. 2024இல் வெளியான ஆய்வு. அது வெள்ளைச் சுறாவை வைத்துச் செய்தது. இப்போதே விளக்கு வாங்கிப் பலகையில் ஒட்டிவிட்டு நம்பி இறங்காதீர்கள்.

சுறா நேருக்கு நேர் வந்துட்டா என்ன செய்றது?

முதுகைக் காட்டி அடித்துப் பிடித்து நீந்தக் கூடாது. நிமிர்ந்து, முகத்தை அதன் பக்கமே வைத்து, நீரை உதைக்காமல் பின்வாங்குங்கள். பலகை, துடுப்பு, கேமரா எது இருந்தாலும் இருவருக்கும் நடுவில் பிடியுங்கள். இருவர் இருந்தால் முதுகோடு முதுகு ஒட்டிக்கொள்ளுங்கள். ஈட்டியில் மீன் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கடித்துப் பிடித்துவிட்டால் கண்ணையும் செவுளையும் குத்துங்கள். மூக்கில் குத்தச் சொல்வார்கள், ஆனால் மூக்குக்குக் கீழே உடனே வாய்.

கடிச்சிடுச்சு, ரத்தம் கொட்டுது. கரையில இருக்குறவங்க என்ன செய்யணும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். சுறா கடித்து இறப்பவர்களில் பெரும்பாலோர் ரத்த இழப்பால் இறக்கிறார்கள், அதுவும் சில நிமிடங்களில். தொடையில் பெரிய காயம் என்றால் உடனே செய்யக்கூடியது: ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, தொடை இடுப்போடு சேரும் மடிப்பில், இடுப்பெலும்பு முனைக்கும் பிறப்புறுப்புக்கும் சரிநடுவே உங்கள் மூடிய கைமுஷ்டியை வைத்து, முழங்கையை மடக்காமல், உடல் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்துங்கள். ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்தபோது காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் சுமார் 90 சதவீதம் நின்றது. அலைப்பலகைக் கயிற்றால் கட்டியபோது பாதிகூட நிற்கவில்லை.

ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் டூர்னிக்கெட் பட்டையை (ரத்தத்தை நிறுத்தக் கை காலை இறுக்கும், திருகுகுச்சி உள்ள பட்டை) காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே கட்டட்டும். மூட்டின்மேல் கட்டக் கூடாது. ரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகுங்கள், வலியில் கத்துவார், நிறுத்தாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை போகும்வரை தளர்த்தவே கூடாது. கட்ட முடியாத இடத்தில் சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து அழுத்துங்கள். உடை கழற்ற வேண்டாம், போர்த்துங்கள். மலேசியாவில் 999, ஆஸ்திரேலியாவில் 000. இதே முறை ஜெட்-ஸ்கி, படகு விசிறி வெட்டிய காயத்துக்கும் பொருந்தும். நம் கடலில் அதற்குத்தான் இது தேவைப்படும்.

ஜெல்லி மீன் பட்டா மணலைத் தேய்க்கணுமா, சிறுநீர் விடணுமா?

இரண்டும் வேண்டாம். பினாங்கில் பயப்பட வேண்டிய கடல் உயிர் இதுதான். நம் நீரில் பெட்டி ஜெல்லி மீன் உண்டு. தெலுக் பஹாங்கில் உள்ள யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) கடல் ஆய்வு மையத்தினர் இதை ஆராய்ந்து வருகிறார்கள். கண்ணாடிபோல் இருப்பதால் கண்ணில் படாது. பட்ட இடத்தில் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த கோடுகள், சில சமயம் ஏணிப்படிபோல் குறுக்குவரிகளோடு தெரியும். வலி அந்த நொடியே உச்சத்தில் இருக்கும். பல கோடுகள் பட்டால் சில நிமிடங்களில் இதயமே நிற்கலாம்.

ஆளைக் கரைக்குத் தூக்குங்கள், 999 அழையுங்கள், கோடுகள் முழுவதும் வினிகரைக் குறைந்தது 30 விநாடி ஊற்றுங்கள். சமையலுக்கு வாங்கும் சாதாரண வெள்ளை 'சூக்கா' போதும், லேபிளில் அமிலம் 4 முதல் 6 சதவீதம் இருக்கிறதா பாருங்கள். ஒட்டியிருக்கும் இழைகளில் இன்னும் வெடிக்காத கொட்டுசெல்கள் ஏராளம், வினிகர் அவற்றை முடக்குகிறது. அதனால்தான் நல்ல தண்ணீர், மணல், சிறுநீர், இறுக்கக் கட்டு எதுவும் கூடாது: எல்லாம் அந்தச் செல்களை வெடிக்க வைத்து விஷத்தைக் கூட்டும். பிறகு இழைகளைக் குச்சியாலோ இடுக்கியாலோ எடுங்கள். வினிகர் வலியைக் குறைக்காது, வலிக்குத் துணியில் சுற்றிய ஐஸ். மூச்சில்லை என்றால் வினிகருக்குக் காத்திருக்காமல் சி.பி.ஆர்.: நெஞ்சில் 30 அழுத்தம், வாயில் 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்.

தடுப்பது இன்னும் சுலபம். உடலை ஒட்டிய, கை கால் மூடிய லைக்ரா நீச்சலுடை போதும், அந்த மெல்லிய துணியே இழையைத் தோலில் படவிடாது. நம் பெண்கள் சுடிதாரோடு இறங்குவதைப் பார்க்கிறோம். தொளதொளப்பான துணி நீர் குடித்துக் கனத்து ஆளை இழுக்கும், துப்பட்டாவைக் கரையிலேயே வைத்துவிடுங்கள். ஊதா நிறக் கொடி கண்டால் ஆபத்தான கடலுயிர் என்று பொருள். பந்தாய் கெராச்சுட்டில் நீந்த வேண்டாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள், அதை மதியுங்கள்.

நீலப் பை மாதிரி மிதக்குறதுக்கும் வினிகர்தானா?

இல்லை. நீலக் காற்றுப்பையோடு நீண்ட வால் உள்ளது வேறு உயிர். இழையை எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, 20 நிமிடம் வையுங்கள். என்ன கொட்டியது என்றே தெரியாமல் நம் கரையில் பட்டால் வினிகரே முதலில், உயிரெடுப்பது பெட்டி ஜெல்லி என்பதால். திருக்கை முள்ளுக்கும் இதே வெந்நீர்தான், வலி அடங்கும்வரை, ஒன்றரை மணி நேரம் வரைகூட. முள் ஆழமாகவோ மார்பிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால் திருக்கை ஒதுங்கிவிடும்.

தூண்டில்ல சுறா மாட்டிக்குது. அதுக்கு இந்த மின்சாரம் உதவுமா?

உதவத் தொடங்கியிருக்கிறது. ஷார்க்கார்ட் என்ற சிறு மின்துடிப்புக் கருவியை நெடுந்தூண்டிலில் கொக்கிக்கு அருகே தொங்கவிட்டு பிரான்சின் மத்தியதரைக் கடல் பகுதியில் சோதித்தார்கள். 2022இல் வெளியான முடிவில் நீலச் சுறா சிக்குவது 91 சதவீதமும் திருக்கை சிக்குவது 71 சதவீதமும் குறைந்தன. சூரை மீன் வேட்டைக்கான பெரிய தூண்டில்களுக்கானது அது, வார இறுதித் தூண்டிலுக்கு இன்னும் வரவில்லை. நீங்கள் செய்யக்கூடியது: சுறா மாட்டினால் படகுக்குள் ஏற்றாமல் நீரிலேயே வைத்து, நீண்ட இடுக்கியால் கொக்கியைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் தூண்டில் கயிற்றைக் கொக்கிக்கு அருகில் வெட்டுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் திரும்பிக் கடிக்கும். அதன் எலும்பு குருத்தெலும்பு, தலைகீழாகத் தொங்கினால் உள்ளுறுப்பும் சிதையும். மீன் குடலை வீசிய இடத்தில் பிள்ளைகளைக் குளிக்க இறக்காதீர்கள்.

நாங்க நாலு பேர் சேர்ந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு டைவிங் போறோம். ஒரு கருவி வாங்கி நடுவுல இருக்குறவன் கட்டிக்கிட்டா போதுமா?

போதாது. வளையத்தின் அளவு மேலே சொன்ன அந்த ஒன்றிரண்டு மீட்டர்தான், அதுவும் ஆன்டெனாவைச் சுற்றி. நால்வரும் அதற்குள் இருக்க வேண்டுமென்றால் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு நீந்த வேண்டும், சுருக்கென்ற இழுப்பையும் வாங்க வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கடைசியாக மேலே ஏறுபவர் கட்டிக்கொள்ளட்டும். ஈட்டி மீன்பிடி என்றால் மீன் வைத்திருப்பவர். பிடித்த மீனை இடுப்பில் கோக்காமல் நீண்ட கயிற்றில் மிதவையோடு கட்டித் தள்ளி விடுங்கள்.

மீதிக் காசில் ஆளுக்கொரு டூர்னிக்கெட் வாங்குங்கள். காற்சட்டைப் பையில் போகும் பொருள்தான். புறப்படும் முன் வீட்டு ஹாலில், ஒருவர் தொடையில் ஒருவர், ஒரு நிமிடத்துக்குள் கட்டி முடிக்கும்வரை பழகுங்கள். ஒரு பட்டை படகில் தலைமாட்டில், எல்லாருக்கும் தெரிந்த இடத்தில், உறை பிரித்த நிலையில் இருக்கட்டும். ஈரக் கையால் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க முடியாது.